ஜன்னலோரக் கட்டில்

...இந்த ஒரு கேள்வியை மட்டும் இன்றைக்கு விட்டுவிட்டால் என்ன, மற்றதெல்லாம் கேட்டாயிற்று, ஜெனரேட்டரை ஓட்டிக் காட்டச் சொல்லிப் பார்த்தாயிற்று, ஆக்சிஜன் குழாயை எங்கே அடைப்பது என்று காவலாளிக்குக்கூடத் தெரிந்திருக்கிறது, தண்ணீர்த் தொட்டி, வேலை முடிந்து வீட்டிலிருக்கும் ஆட்களை அவசரமாகக் கூப்பிடும் ஏற்பாடு, எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போட்டாயிற்று, இது ஒன்றைத் தாண்டிப் போனால் யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தபடியே அவள் படியேறிக்கொண்டிருந்தாள். லிப்டை நிறுத்தச் சொன்னது அவளேதான், சோதனை நாளில் லிப்ட் ஓடக் கூடாது. அவளுக்கு முன்னால் மருத்துவமனையின் நிர்வாக அதிகாரி மூச்சு வாங்க ஏறினார், அவளைச் சோதனைக்கு அனுப்பும் கூட்டமைப்பு அலுவலகத்தில் அவருக்கு 'ரெடி சார்' என்று பெயர், எதைக் கேட்டாலும் ரெடி மேடம் என்பதைத் தவிர வேறு பதில் அவர் வாயிலிருந்து வந்ததில்லை, போன தடவை தீயணைப்பு உருளையின் தேதி முடிந்துபோயிருப்பதைத் தொட்டுக் காட்டியபோதும் அதே ரெடி மேடம்தான். அதைச் சொல்லிச் சொல்லி அலுவலகத்தில் சிரித்திருக்கிறார்கள், அவளும்தான். இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை, முழங்கால் வலித்தது, மூன்றாவது மாடித் திருப்பத்தில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றாள். குறுகலான திருப்பம். ஒரு ஆளைப் படுத்த நிலையிலேயே இறக்க வேண்டுமென்றால் தலைப்பக்கம் பிடிப்பவர் சுவரில் முதுகைத் தேய்த்துக்கொண்டுதான் திரும்ப வேண்டியிருக்கும், கால்பக்கம் இரண்டு பேர், பக்கத்தில் ஒருத்தி கழுத்துக் குழாய் நழுவாமல் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் படியிறங்க வேண்டும், தூக்கப்படுகிறவன் கனமான ஆளாக வேறு இருந்தால்... யாரை நினைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறாய் நீ? யாரையும் இல்லை. பொதுவாகத்தான்.

பொதுவாகத்தான் அந்தக் கேள்வியையும் எழுதினாள். பக்கத்து நகரத்து மருத்துவமனையில் கீழ்த்தளத்தில் தீப்பிடித்து, புகை மேலே ஏறி, லிப்ட் நின்றுபோன அந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் இந்த வட்டாரத்து மருத்துவமனைகள் எல்லாம் சேர்ந்து கூட்டமைப்பு என்று ஒன்றை உண்டாக்கின, எந்த மருத்துவமனை எந்த ஆபத்துக்குத் தயாராக இருக்கிறது என்று அளந்து சொல்ல ஒரு ஆள் வேண்டுமென்றார்கள், தீவிர சிகிச்சைப் பிரிவில் இருபது வருடம் நோயாளிகளைப் புரட்டிப் புரட்டி இடுப்பு ஒடிந்துபோயிருந்த நர்ஸான இவளைப் பிடித்து உட்காரவைத்தார்கள். அந்தத் தீ விபத்தின் விசாரணை அறிக்கையை அவள் முழுவதும் படித்திருக்கிறாள், படித்துவிட்டு அன்றைக்குச் சாப்பிடவில்லை. அந்த மாடியில் வேலையில் இருந்தவர்கள் யாரும் ஓடிப்போகவில்லை, யாரும் கெட்டவர்கள் இல்லை, கட்டில் கட்டிலாகப் போய் நின்று இவரையா அவரையா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள், முடிவெடுக்க யாருக்கும் வாய் வரவில்லை, அதற்குள் புகை வந்துவிட்டது. அதனால்தான் அவள் அந்தக் கேள்வியைச் சேர்த்தாள். கரண்ட் இல்லை, லிப்ட் இல்லை, புகை ஏறுகிறது, ராத்திரி வேலை ஆட்கள் மட்டும் இருக்கிறார்கள், இந்த வார்டிலிருந்து யாரை முதலில் இறக்குவீர்கள், யாரைக் கடைசியில், கட்டிலைக் காட்டுங்கள். முன்கூட்டிச் சொல்லாமல், வார்டிலேயே நிற்கவைத்து, அப்போது பொறுப்பில் இருப்பவரைக் கேட்க வேண்டும். நடக்கிறவர்கள் முதலில், ஒருவர் இருவர் தாங்கிப் பிடித்தால் போகக்கூடியவர்கள் அடுத்து, நான்கு பேர் தூக்க வேண்டிய இயந்திரத்து ஆட்கள் கடைசி, ஏனென்றால் அப்படி ஒருவரைக் கீழே கொண்டுசேர்ப்பதற்குள் மிச்சம் இருப்பவர்கள் எல்லாரும் போய்விடுவார்கள். தடுமாறாமல் இப்படிச் சொன்னால் முழு மதிப்பெண். கூட்டத்தில் ஒரு டாக்டர் எழுந்து இது கொடூரமாக இல்லையா என்று கேட்டார். கொடூரம்தான் டாக்டர், முடிவெடுக்காமல் நிற்பது அதைவிடக் கொடூரம் என்று இவள் சொன்னாள், கை தட்டினார்கள். கை தட்டினபோது முகம் சூடானது நன்றாக நினைவிருக்கிறது. அன்றைக்கு அவளுடைய தம்பி எங்கேயோ ஒரு கிடங்கின் கூரைமேல் தகடு பொருத்திக்கொண்டு நடமாடிக்கொண்டிருந்தான்.

அந்தக் கூரையிலிருந்துதான் விழுந்தான். கழுத்து. கையும் காலும் போய், மூச்சும் தானாக வராமல், கழுத்தில் துளை போட்டுக் குழாய் செருகி, வென்டிலேட்டரோடு சேர்த்து இந்த நான்காவது மாடி வார்டில் கொண்டுவந்து படுக்கவைத்தார்கள், அதன்பிறகு அவன் ஜன்னலோரக் கட்டிலைவிட்டு நகரவில்லை. புத்திக்கு ஒன்றும் ஆகவில்லை, அதுதான்... அதை நல்லது என்பதா கெட்டது என்பதா. இந்த மருத்துவமனைக்கு என்னை அனுப்பாதீர்கள், தம்பி அங்கே கிடக்கிறான் என்று அவள் தன் மேலதிகாரியிடம் போய்ச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், இந்த வட்டாரத்தில் எல்லா ஆஸ்பத்திரியும் நம் கூட்டமைப்பில்தான் இருக்கிறது, உங்கள் ஆள் வேறு எங்கே போய்ப் படுப்பார், என்னுடைய மாமியாரும் ஒன்றில் கிடக்கிறார், அளக்கத் தெரிந்தவர் நீங்கள் ஒருத்தர்தான் இருக்கிறீர்கள் என்றார். கேலியாகச் சொன்னாரா வருத்தமாகச் சொன்னாரா என்று தெரியவில்லை. அவர் சொல்லாத இன்னொன்றும் இருந்தது, அதை இவளே சொல்லிக்கொண்டாள். இந்த வார்டு தேறாவிட்டால் மூடிவிடுவார்கள். மாடியில் மூச்சு இயந்திர நோயாளிகளை வைத்துக்கொண்டு இறக்கத் தெரியாது என்று எழுதிவிட்டால் வைத்திருக்க விடமாட்டார்கள், கீழ்த்தளத்தில் இடம் கிடையாது, ஆளுக்கொரு திசையாக அனுப்புவார்கள், இவனை எங்கே அனுப்புவார்கள், அரை நாள் பயணம், தம்பி மனைவி பள்ளிக்கூடம் போகும் பெண்ணை வைத்துக்கொண்டு அங்கே எப்படிப் போய் உட்காருவாள். ஆகவே வார்டு தேற வேண்டும். தேற வேண்டுமென்றால் வார்டு சிஸ்டர் சரியான பதிலைச் சொல்ல வேண்டும். சரியான பதில் எது என்று அவளுக்குத் தெரியாதா, எழுதியவள் அவள்தானே, ஜன்னலோரக் கட்டில் கடைசி என்று அந்தப் பெண் வாயைத் திறந்து சொன்னால்தான் ஜன்னலோரக் கட்டில் இந்த ஊரில் இருக்கும்... இதை யாரிடம் போய்ச் சொல்வது, சொன்னால் சிரிப்பார்களா.

வார்டுக் கதவைத் திறந்ததும் அந்த வாசனை, மருந்தும் கழுவின தரையும் வேகவைத்த துணியும் கலந்தது, இருபது வருடம் அதற்குள்ளேயே இருந்துவிட்டு இப்போது பார்வையாளராக வரும்போதுதான் மூக்கில் ஏறுகிறது. மதிய நேரம், திரைச்சீலைகளைப் பாதி இழுத்துவிட்டிருந்தார்கள், இயந்திரங்கள் ஒன்றுக்கொன்று ஒத்துவராத தாளத்தில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தன. தம்பி மனைவி முக்காலியில் உட்கார்ந்து அவனுடைய விரல் நகங்களை வெட்டிக்கொண்டிருந்தாள், இவளைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்து, கூட வருகிறவர்களைப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துகொண்டாள், இன்றைக்கு அண்ணி வீட்டு ஆளாக வரவில்லை என்று புரிந்துகொண்ட மாதிரி. புத்திசாலி. கல்யாணமான புதிதில் இவளை வாயில்லாப் பூச்சி என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறோமே. தம்பி தலையைத் திருப்ப முடியாமல் கண்ணை மட்டும் ஓரத்துக்குக் கொண்டுவந்து அக்காவைப் பார்த்தான், ஒரு கண்ணை மூடித் திறந்தான், அடையாள அட்டையும் கழுத்துமாக அவள் பெரிய மனுஷியாக வரும்போதெல்லாம் அவனுக்கு அது வேடிக்கைதான், அட்டையில் இருக்கும் போட்டோவைப் பார்த்துத் திருடி மாதிரி இருக்கிறாய் என்று உதட்டசைவாலேயே சொல்லிச் சிரிக்கவைத்தவன். அவள் பதிலுக்குக் கண்ணடிக்கவில்லை. அடித்திருக்கலாம். ரெடி சார் பார்த்தால்தான் என்ன.

வார்டு சிஸ்டர் மருந்துத் தள்ளுவண்டியை நிறுத்திவிட்டு வந்தாள். ஒல்லியான பெண், கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது, யார் தம்பி யார் அக்கா என்பதெல்லாம் தெரிந்தவள்தான், போன மாதம் தம்பிக்குச் சளி அடைத்து முகம் நீலமாகப் போனபோது டாக்டர் வருவதற்குள் குழாயை மாற்றி அவனைத் திருப்பிக் கொண்டுவந்தவள் இவள்தான். வாங்க சிஸ்டர், அந்தப் பக்கத்து அறையில் போய்ப் பேசலாம் என்று சொல்ல வாயெடுத்தாள், வார்டிலேயே நிற்கவைத்துக் கேட்க வேண்டும் என்பது தானே போட்ட விதி, மற்ற மருத்துவமனைகளில் யாராவது பக்கத்து அறை என்றால் விடமாட்டாள், ஆகவே வாயை மூடிக்கொண்டாள். ஜன்னலுக்கும் இவர்கள் நிற்கும் இடத்துக்கும் நடுவில் இரண்டு கட்டில்தான். மெதுவாகக் கேட்டால்? மெதுவாகத்தான் கேட்டாள், தன் குரல் தனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது, கரண்ட் இல்லை, லிப்ட் இல்லை, புகை ஏறுகிறது என்று மனப்பாடமாக ஒப்பித்தாள். முடிப்பதற்குள் ரெடி சார் குறுக்கே வந்தார், அந்த நிலைமையே வராது, வந்தாலும் எல்லாரையும் ஒன்றாக இறக்கிவிடுவோம், அதற்கெல்லாம் ஆள் ரெடி என்றார். சிஸ்டர் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து வாசல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தாள், இவங்க நடப்பாங்க, இவரும் நடப்பார், இவரை ஒரு ஆள் தோளில் தாங்கினால் போதும், இந்த அம்மாவை நாற்காலியில் வைத்து இரண்டு பேர், என்று பேனா கட்டில் கட்டிலாக நகர்ந்து வந்தது, தடுமாற்றமே இல்லை, எங்கேயும் நிற்கவில்லை, இவ்வளவு சுத்தமாக வேறு எந்த மருத்துவமனையிலும் ஒருத்தரும் சொன்னதில்லை. கடைசிக்கு வந்ததும் பேனாவைக் கீழே தாழ்த்திக்கொண்டாள். அவனைப் பேனாவால் காட்டவில்லை.

"கடைசியா ஜன்னல் கட்டில்," என்றாள்.

ஏன் என்று கேட்க வேண்டும். கேட்டே ஆக வேண்டும், காரணம் சொல்லாத பதிலுக்குப் பாதிதான். சொல்லாதே, வேறு ஏதாவது சொல்லிவிடு, எனக்காக ஒரு பொய் சொல்லு, முகத்துக்காகச் சொல்வார்களே அப்படி, அவரை முதலில் இறக்கிவிடுவோம் மேடம் என்று சொல்லிவிடு, நான் பூஜ்யம் போட்டுவிட்டுப் போகிறேன், வார்டை மூடினால் மூடட்டும்... ஒரு கணம்தான், ஆனால் அந்த ஒரு கணம் அதைத்தான் விரும்பினாள், பெண்ணையும் பள்ளிக்கூடத்தையும் அரை நாள் பயணத்தையும் எல்லாம் மறந்து, தன் தம்பியை முதலில் என்று யாராவது ஒருத்தர் வாயால் சொல்லிக் கேட்டுவிட வேண்டும் என்று.

"ஏன் சிஸ்டர்?"

"அவருக்கு நாலு பேர் வேணும் மேடம். ராத்திரி நாங்களே அவ்வளவு பேர்தான். எல்லாரும் அவரத் தூக்கிட்டு இறங்கினா, மத்தவங்ககிட்ட யார் இருப்பாங்க?" பேனாவைச் சட்டைப் பையில் செருகினாள். "நீங்கதான ட்ரெயினிங்ல சொல்லிக் குடுத்தீங்க."

குத்திக்காட்டிச் சொல்லவில்லை. உங்களிடம் கற்றுக்கொண்டதைச் சரியாகச் சொன்னேனா என்று கேட்கிற மாதிரிதான் சொன்னாள், அதனால்தான் தாங்க முடியவில்லை. ரெடி சார், இல்லை மேடம், சிஸ்டர் பதற்றத்தில் சொல்கிறார், அப்படியெல்லாம் நாங்கள் யாரையும் விடமாட்டோம் என்று கெஞ்சாத குறையாகப் பேசிக்கொண்டிருந்தார், பாவம், அவருக்கும் நோயாளி யார் என்று தெரியும், அதிகாரியின் தம்பியைக் கடைசி என்று சொல்லிவிட்டாளே, தலை போயிற்று என்று பயந்திருப்பார். சரியான பதில் சார், முழு மதிப்பெண் என்றாள். அவருடைய முகம் அப்போது போன போக்கு, சந்தோஷப்படுவதா வேண்டாமா என்று தெரியாமல் பாதியில் நின்ற முகம். கையில் இருந்த கணினிப் பலகையில் விரலை வைத்து அழுத்தினாள், பச்சையாக மாறியது, அவ்வளவுதான், விரல் நுனியில் ஒரு அழுத்தம். கீழே போய்க் காத்திருங்கள், ஐந்து நிமிஷத்தில் வருகிறேன் என்று அவரை அனுப்பிவைத்தாள். சிஸ்டர் தள்ளுவண்டியிடம் திரும்பிப் போனாள், போகும்போது இவள் முழங்கையை லேசாகத் தொட்டாளா, வண்டி இடிக்காமல் இருக்க ஒதுக்கினாளா.

தம்பியிடம் போக இரண்டு கட்டில் தூரம் நடந்தாள். காதில் விழுந்திருக்குமா? விழாமல்? அவனுக்கு மிச்சம் இருப்பதே காதும் கண்ணும்தானே, கூரைமேல் மழை விழும் சத்தத்தை வைத்தே எந்தத் தகடு தளர்ந்திருக்கிறது என்று சொல்கிறவன். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். அவன் உதடு அசைந்தது, குழாய் போட்ட பிறகு சத்தம் வராது, உதட்டைப் பார்த்துத்தான் படிக்க வேண்டும், அவளுக்கு அது பழகிவிட்டது.

பாஸா, என்று கேட்டான்.

"பாஸ்தான்டா," என்றாள். குரல் வந்தது. அவன் கண்ணை மூடித் திறந்தான், பரவாயில்லையே என்கிற மாதிரி, சின்ன வயதில் அவள் கணக்கில் தேறிவிட்டு வந்து சொன்னபோதும் இப்படித்தான், ஏதோ தான் உட்கார்ந்து எழுதின மாதிரி. கோபம் இருக்கிறதா என்று தேடினாள், தெரியவில்லை, பயம் இருக்கிறதா, அதுவும் தெரியவில்லை, முகத்தில் அசைகிற இடமே கொஞ்சம்தான் என்னும்போது ஒரு மனிதன் எதை எங்கே வைத்துக் காட்டுவான். தம்பி மனைவி நகத் துண்டுகளைத் தாளில் சேர்த்து மடித்தாள்.

"கேட்டுச்சு அண்ணி," என்றாள். "முன்னாடியே தெரியும். அந்த மாதிரி ஏதாவதுன்னா நான் கீழ போயிடணும்னு சிஸ்டர் சொன்னாங்க. நான் மாட்டேன்னுட்டேன்."

பிறகு எழுந்து கட்டிலின் தலைமாட்டில் கொக்கியில் தொங்கிய ரப்பர் பையை எடுத்துக் காட்டினாள், இயந்திரம் நின்றால் கையால் அமுக்கிக் காற்றுக் கொடுக்கும் பை, இவள் எத்தனையோ முன்பின் தெரியாதவர்களுக்கு மணிக்கணக்காக அமுக்கியிருக்கிறாள். சிஸ்டர் சொல்லிக்கொடுத்தார்களாம், பழகிப் பார்த்தாளாம், கொஞ்ச நேரத்தில் விரல் மரத்துப்போகிறதாம், மாற்றிக்கொள்ள இன்னொரு ஆள் இருந்தால் போதும், எவ்வளவு நேரமானாலும் இருந்துவிடலாம் என்று சொன்னாள். ஈரப் போர்வையைப் பிழிய அந்தப் பக்கம் பிடிக்க ஒரு ஆள் வேண்டும் என்று சொல்கிற மாதிரிதான் சொன்னாள். அடுத்து என்ன சொல்லப்போகிறாள், நீங்கள் வருவீர்களா என்று கேட்கப்போகிறாளா, கேட்டால் என்ன சொல்வது, வருகிறேன் என்றுதான் சொல்ல வேண்டும், யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்வார்கள், அக்கா இல்லையா. கூட இருக்கும் உறவினர்களை நடக்கிறவர்கள் கணக்கில் முதலில் வெளியேற்ற வேண்டும் என்பது விதி, அந்த விதியைப் பிடித்துக்கொண்டாள், அது கையில் அகப்பட்டதும் வாயிலிருந்து அதிகாரி பேசினாள்.

"அதெல்லாம் கூடாது. நீ கீழ வந்துடணும். பொண்ணு இருக்கா."

"பொண்ணுக்கு நீங்க இருக்கீங்கல்ல அண்ணி," என்றாள் தம்பி மனைவி. யோசித்து வைத்திருந்ததைச் சொல்லிவிட்ட நிம்மதியோடு பையைத் திரும்பக் கொக்கியில் மாட்டினாள்.

அவ்வளவுதானா. எல்லாம் ஏற்கெனவே பங்கு போட்டாயிற்றா, இவர்கள் இரண்டு பேரும் இந்த ஜன்னலோரத்தில் உட்கார்ந்து, ஒருத்தி பேசவும் ஒருத்தன் கண்ணை மூடித் திறக்கவுமாக, யார் மேலே யார் கீழே என்று தீர்த்துவிட்டார்களா, அவளை ஒரு வார்த்தை கேட்காமல். அவளுக்குக் கிடைத்தது கீழே. மருத்துவமனைக்கு வெளியே, திறந்த இடத்தில், ஒரு பெண்குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு. அழ வேண்டும் போலத்தான் இருந்தது, அழுகைக்காகக் காத்திருந்தாள், ஆனால் அழுகைக்கு முன்னால் வேறு ஏதோ ஒன்று வந்துவிட்டது, உடம்பு முழுக்கப் பிடித்து வைத்திருந்ததை விட்டுவிட்ட மாதிரி, தோள் இறங்கி, மூச்சு அடிவயிறு வரை போய் வந்தது. என்ன அது? எதையும் அளந்து பெயர் வைப்பதுதானே உன் வேலை, இதற்குப் பெயர் வை. நிம்மதி. அப்பாடா என்று வந்ததே அதுதான், வேறு என்ன பெயர் இருக்கிறது அதற்கு. அவள் அவசரமாக முகத்தை வேறு மாதிரி மாற்றிக்கொண்டாள், தம்பி மனைவி பார்க்கவில்லை, அவள் தலையணையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். தம்பி பார்த்துக்கொண்டிருந்தான். காலையிலிருந்து ராத்திரி வரை மனித முகங்களைத் தவிர வேறு எதையும் பார்க்க வழியில்லாதவன், எவ்வளவு நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தானோ. அவன் உதடு அசைந்தது, சின்னதாக, ஒரு சொல்தான். அவள் குனிந்தாள், என்னடா என்றாள். அவன் மறுபடியும் சொல்லவில்லை, அவளையே பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான், இயந்திரம் அவனுக்காக ஒரு மூச்சு எடுத்தது, விட்டது. என்ன சொன்னான், பரவாயில்லை என்றானா, போய்ட்டு வா என்றானா, அவன் சொன்ன எதையும் அவள் இதுவரை தவறவிட்டதில்லை, டாக்டர்களே இவளைக் கூப்பிட்டுத்தான் கேட்பார்கள், இன்றைக்கு மட்டும் எப்படிப் புரியாமல் போனது... புரியவில்லையா, இல்லை, அந்த நேரம் பார்த்து அவள்தான் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாளா.